கவுண்டி மானியப் பட்டியலில் தெரிந்த பெயர்கள்: இது யாருக்குப் போகிற பணம்?

#1 மேற்குக்காற்று

அமெரிக்காவில், மேற்குக் கான்சாஸில் ஒரு சின்னக் கவுண்டியில் (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் மாதிரி ஒரு பிரிவு) மூன்று வருடமாக மருத்துவராக இருக்கிறேன். விசா நிபந்தனைக்காக வந்து சேர்ந்த ஊர். கவுண்டி முழுக்கச் சேர்த்தாலும் மூவாயிரம் பேர் தேற மாட்டார்கள். கோதுமை, சோளம், கொஞ்சம் மக்காச்சோளம், மற்றபடி மாடுகளும் காற்றும்.

போன வாரம் இரவுப் பணியில் நோயாளிகள் யாரும் வரவில்லை. பண்ணை மானியங்களைக் கவுண்டி வாரியாகத் தொகுத்திருக்கிற ஒரு தளத்தை மேய்ந்துகொண்டிருந்தேன். என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பு நடத்துவது. 1995 முதல் அரசு கொடுத்த பணம் அதில் பெயரோடு இருக்கிறது. எங்கள் கவுண்டியைத் திறந்தால் முதல் இருபது பெயர்களில் பாதிக்கு மேல் எனக்குத் தெரிந்தவர்கள்.

அதில் ஒரு பெரியவர். பழைய பிக்கப் வண்டி, கிழிந்த மேல்சட்டை. மருந்து விலை கட்டுப்படியாகவில்லை என்று மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டு என்னிடம் திட்டு வாங்கியவர். அவர் பெயருக்கு நேராகப் பத்து லட்சம் டாலருக்கு மேல் காட்டுகிறது.

தப்பாகப் படிக்கிறேனா? அல்லது இவ்வளவு நாளும் ஒரு கோடீஸ்வரருக்கு இலவச மாத்திரை மாதிரி தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தேனா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஓரக்கண்

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள் டாக்டர். 2020இல் மட்டும் அரசு நேரடியாகப் பண்ணைகளுக்குக் கொடுத்தது சுமார் 4,600 கோடி டாலர். அந்த வருடம் நாட்டின் மொத்தப் பண்ணை நிகர வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இப்படி வந்த பணம்தான். டாலஸில் உட்கார்ந்து வரி கட்டுகிற எனக்கு யாரும் வருடக் கடைசியில் செக் அனுப்புவதில்லை. என் கம்பெனி ஆள் குறைப்பு செய்தபோது 'மென்பொருள் விலை வீழ்ச்சி நிவாரணம்' என்று ஏதாவது வந்ததா?

#3 வரிக்கணக்கு

நெப்ராஸ்காவில் பதினான்கு வருடமாகப் பண்ணைக்காரர்களுக்கு வரிக்கணக்குப் போடுகிறேன். டாக்டர் தம்பி, அந்தப் பட்டியலை வாசிக்க ஒரு முறை இருக்கிறது. தெரியாமல் வாசித்தால் எல்லாரும் கோடீஸ்வரர்கள்தான்.

முதலில், பத்து லட்சம் என்பது ஒரு வருடத் தொகை இல்லை. 1995இலிருந்து கூட்டிக்கொண்டே வந்தது. முப்பது வருடத்துக்கு வகுத்துப் பார். வருடத்துக்கு 33,000 சொச்சம் வரும். அதுவும் சீராக வராது. ஒரு வருடம் 2,000, இன்னொரு வருடம் 90,000. 2018, 2019, 2020 மூன்று வருடத்தையும் தனியாக எடுத்துப் பார், கூன் மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது, அது வரவு மட்டும். என்னிடம் வருகிறவர்கள் அரசிடமிருந்து வந்த 1099-ஜி தாளை மேசையில் வைப்பார்கள். அதை ஷெட்யூல் எஃப் என்ற பண்ணை வரிப் படிவத்தில் வருமானமாக எழுதுவேன். அதற்குக் கீழே விதை, உரம், டீசல், வட்டி, குத்தகை என்று ஒரு பக்கம் ஓடும். மேலே 60,000 மானியம், கீழே நிகர நட்டம் 11,000. இப்படி எத்தனையோ ரிட்டர்ன் போட்டிருக்கிறேன்.

மூன்றாவது, நீ பார்க்காததுதான் பெரிய தொகை. பயிர்க் காப்பீட்டு மானியம் பெயரோடு எங்கும் வராது. அரசு அதைக் கவுண்டி மொத்தமாகத்தான் வெளியிடும். தனி ஆள் விவரம் வெளியே போகக் கூடாது என்பது சட்டம்.

பெரியவரிடம் மாத்திரை முழுசாகச் சாப்பிடச் சொல். அது தனி விஷயம்.

#4 ஆட்டுக்கல்

அக்கா, பயிர்க் காப்பீட்டில் என்ன மானியம்? பிரீமியம் அவர்கள்தானே கட்டுகிறார்கள்?

#5 வரிக்கணக்கு

பிரீமியம் 100 டாலர் என்றால் சராசரியாக 60க்குக் கொஞ்சம் மேல் அரசு கட்டுகிறது. மீதிதான் அவர் கையிலிருந்து. பாலிசியை விற்பது தனியார் கம்பெனி, அந்தக் கம்பெனியின் நிர்வாகச் செலவுக்கும் அரசு கொடுக்கிறது. மற்ற மானியங்களுக்கு ஆளுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உண்டு. மூன்று வருடச் சராசரி வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டினால் பொதுவாகக் கிடைக்காது என்ற விதியும் உண்டு. காப்பீட்டு மானியத்துக்கு இந்த இரண்டுமே கிடையாது. 20,000 ஏக்கர் வைத்திருந்தாலும் 20,000 ஏக்கருக்கும் உண்டு.

ஓரக்கண் தம்பிக்குக் கோபம் வர வேண்டிய இடம் இது. அவர் செக்கைப் பார்த்துக் கோபப்படுகிறார்.

#6 ஓரக்கண்

அக்கா, எனக்கு இரண்டு இடத்திலும் கோபப்பட நேரம் இருக்கிறது.

#7 மண்வாசம்

நான் அயோவாவில், வேளாண் பொருளாதாரம் படித்துவிட்டு அதே துறையில் வேலை. யாரும் இன்னும் 'பேஸ் ஏக்கர்' பற்றிப் பேசவில்லை. அது புரியாமல் இந்தப் பட்டியல் புரியாது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நிறையப் பேர் நினைப்பது: இந்த வருடம் கோதுமை போட்டார், விலை விழுந்தது, அரசு ஈடுகட்டுகிறது. அப்படி இல்லை. ஒவ்வொரு பண்ணை நிலத்துக்கும் பழைய சாகுபடி வரலாற்றை வைத்து 'இத்தனை ஏக்கர் கோதுமை பேஸ், இத்தனை ஏக்கர் சோளம் பேஸ்' என்று அரசு ஏட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. பணம் அந்த ஏட்டுக் கணக்குக்குத்தான். கோதுமை பேஸ் உள்ள நிலத்தில் இன்றைக்குச் சூரியகாந்தி போட்டாலும் கோதுமைக்கான பணம் வரும். பேஸ் இல்லாத நிலத்தில் கோதுமை போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டால் பி.எல்.சி. என்ற விலை ஈட்டுத் திட்டத்தில் ஒரு சென்ட் வராது. பேஸ் ஆளோடு போவதில்லை, நிலத்தோடு போகும். நிலத்தை விற்றால் பேஸும் வாங்கியவருக்குப் போய்விடும்.

பி.எல்.சி.யில் கணக்கு எளிது: சந்தை விலை ஆதார விலைக்குக் கீழே போனால் அந்த வித்தியாசம். கோதுமைக்கு அரசு குறித்த ஆதார விலை புஷலுக்கு (இங்கே தானியம் அளக்கிற அளவு) 6.35 டாலர். 2025 ஜூலையில் வந்த சட்டம் அதை 5.50இலிருந்து ஏற்றியது (மக்காச்சோளம் 3.70இலிருந்து 4.10, சோயா 8.40இலிருந்து 10). நாட்டின் சராசரிச் சந்தை விலை 5.35 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 1 டாலர். 100 ஏக்கர் பேஸ், ஏட்டில் உள்ள விளைச்சல் ஏக்கருக்கு 40 புஷல் என்றால், 85 சதவீத ஏக்கருக்குத்தான் கணக்கு: 85 × 40 × 1 = 3,400 டாலர். அவர் வயலில் உண்மையில் 60 புஷல் விளைந்ததா, கல்மழையில் ஒன்றுமே இல்லையா என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று ஏ.ஆர்.சி. அது கவுண்டியின் சராசரி வருமானம் விழுந்தால் மட்டும் தரும். தன் வயல் மட்டும் அழிந்து, கவுண்டி நன்றாக விளைந்தால் பூஜ்யம். கவுண்டி விழுந்து, தன் வயல் மட்டும் தப்பித்தாலும் பணம் உண்டு.

இரண்டிலும் பணம் உடனே வராது. 2025இல் அறுத்த கோதுமைக்கு 2026 அக்டோபருக்குப் பிறகு. அதற்குள் அடுத்த பயிரும் அறுத்து முடிந்திருக்கும்.

ஒரு பழைய கூத்தும் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் முன்பு நெல் விளைந்த நிலத்தில் வீட்டுமனை போட்டு விற்றார்கள். நிலத்தோடு நெல் பேஸும் போயிற்று. புல்தரை வெட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர்களுக்கு நெல் மானியம் வந்தது. 2006இல் பத்திரிகைகளில் வெளிவந்து நாறிய பிறகு, 2008 சட்டத்தில் பத்து ஏக்கர் அல்லது அதற்குக் குறைவான பேஸ் என்றால் பணம் இல்லை என்று மாற்றினார்கள்.

#8 ஓரக்கண்

அதாவது விளைவிக்காததற்குப் பணம், விளைவித்தால் இல்லை. நான் ஒரு வரியில் சொல்வதை நீங்கள் ஆறு பத்தியில் சொல்லியிருக்கிறீர்கள்.

நியூசிலாந்து 1984இல் பண்ணை மானியங்களை வெட்டியது. பத்தில் ஒரு பண்ணை மூழ்கும் என்று அலறினார்கள். கடைசியில் கடனுக்காக விற்க நேர்ந்தது நூற்றுக்கு ஒன்று அளவுதான். இங்கே ஏன் முடியாது?

#9 மண்வாசம்

முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நியூசிலாந்துக் கதையில் பாதியைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அதே காலத்தில் அந்த நாட்டு நாணயத்தின் மதிப்பைக் குறைத்தார்கள், 1985இல் சந்தையே மதிப்பை முடிவு செய்யட்டும் என்று மிதக்க விட்டார்கள். உரம், இயந்திரம் மீதான இறக்குமதிச் சுமையும் குறைந்தது. கடன்காரர்கள் பலருக்குக் கடனில் ஒரு பகுதியைத் தள்ளிக் கொடுத்தார்கள். 1982இல் 7 கோடி ஆடு இருந்த நாட்டில் இன்றைக்கு இரண்டரைக் கோடிகூட இல்லை. ஆட்டை விட்டுப் பால்மாட்டுக்கும் திராட்சைக்கும் மரத்துக்கும் போனார்கள். வருடத்துக்கு நானூறு ஐந்நூறு மில்லிமீட்டர் மழை பெய்கிற மேற்குக் கான்சாஸில் கோதுமையை விட்டு எதற்குப் போவது? கோதுமை, சோளம், மேய்ச்சல் புல். அவ்வளவுதான் அந்த மண் தரும்.

பேஸ் பிரித்து வைத்ததற்கும் ஒரு காரணம் உண்டு. பணத்தை நட்ட பயிரோடு கட்டினால் எல்லாரும் மானியம் உள்ள பயிரையே போட்டு விலையை இன்னும் கவிழ்ப்பார்கள். அதைத் தடுக்கத்தான் பிரித்தார்கள். அந்தக் காரணம் சரி. பக்கவிளைவுதான் கோணல்: பணம் நிலத்தில் ஒட்டிக்கொண்டது.

#10 மேற்குக்காற்று

ரொம்ப நன்றி. நிலத்தில் ஒட்டிக்கொண்டது என்றால், உழுகிறவரும் நிலக்காரரும் வேறு வேறு ஆளாக இருந்தால் யாருக்கு? இங்கே என் நோயாளிகள் பாதிப் பேர் அடுத்தவர் நிலத்தில்தான் பயிர் செய்கிறார்கள்.

#11 வரிக்கணக்கு

நல்ல கேள்வி தம்பி. நம் ஊர் மாதிரியே இங்கும் குத்தகை, வாரம் இரண்டும் உண்டு. வாரம் என்றால் விளைச்சலில் பங்கு. நிலக்காரரும் நட்டத்தில் பங்குகொள்கிறார், அதனால் மானியத்திலும் அதே பங்கு. குத்தகை என்றால் நிலக்காரருக்கு நிர்ணயித்த காசு, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும். அப்போது மானியச் செக் முழுக்க உழுகிறவர் பெயருக்கு வரும். பட்டியலிலும் அவர் பெயர்தான்.

இப்போது உண்மையில் நடப்பது. மார்ச்சில் குத்தகைப் பேச்சு. நிலக்காரர் டென்வரிலோ பீனிக்ஸிலோ இருப்பார். பெரும்பாலும் அந்தக் காலத்தில் உழுதவரின் மகள் அல்லது பேரன். அவருக்கும் இணையம் தெரியும். "ஆதார விலை ஏறியிருக்கிறதாமே, என் நிலத்தில் பேஸ் எவ்வளவு?" என்று கேட்பார். ஏக்கருக்கு ஐந்தோ எட்டோ டாலர் ஏறும். உழுகிறவர் வேண்டாம் என்றால் பக்கத்துப் பெரிய பண்ணை எடுத்துக்கொள்ளும். அவர்களிடம் நாற்பத்து எட்டு அடி அகல விதைப்பு இயந்திரம் சும்மா நிற்கிறது.

ஆக, பெயர் ஒருத்தருடையது, பணம் கொஞ்சம் கொஞ்சமாக வேறொருவருக்கு நழுவிப் போகிறது. எவ்வளவு நழுவுகிறது என்பதில் பொருளாதாரக்காரர்களே சண்டை போட்டுக்கொள்வார்கள், மண்வாசம் சொல்லட்டும். நான் பார்க்கிற தாள்களில் உழுகிறவரிடம் முழுசாகத் தங்கிய வருடம் குறைவு.

#12 மண்வாசம்

சண்டை உண்மைதான். முழுவதும் குத்தகையில் போய்விடும் என்பாரும் உண்டு, கால்வாசிதான் என்பாரும் உண்டு. நிலத்தின் விலையில் ஏறுகிறது என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போவார்கள். இந்த நாட்டின் பண்ணை நிலத்தில் பத்தில் நான்கு பங்கு குத்தகையில் இருக்கிறது. அந்தக் குத்தகை நிலத்தில் 80 சதவீதம் பயிர் செய்யாத நிலக்காரர்களுடையது. மற்றதை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

#13 மிசிசிப்பி மல்லி

இது புதுசு இல்லை. முதல் பண்ணைச் சட்டம் வந்த 1933இலேயே இதுதான் நடந்தது. பருத்தி விலையை ஏற்ற, விளைந்து நின்ற பருத்தியை உழுது அழிக்கப் பணம் கொடுத்தார்கள். செக் நிலக்காரர் கைக்குப் போனது. அவர் வாரக்காரருக்குப் பங்கு தர வேண்டும் என்று விதி. தந்தவர்களும் உண்டு, ஆனால் ஏக்கர் குறைந்துவிட்டதே, உனக்கு வேலை இல்லை என்று குடும்பத்தோடு வெளியே அனுப்பியவர்கள் ஏராளம். அந்தக் கோபத்தில்தான் 1934இல் ஆர்கன்சாவில் டைரன்சா என்ற சின்ன ஊரில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து தென் மாநில வாரக்காரர் சங்கம் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் அந்த ஊரில் அது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மானியம், கடன் எல்லாம் கவுண்டி அலுவலகம் வழியாக வரும். அதற்கு மேலே ஒரு கவுண்டிக் கமிட்டி. உள்ளூர்ப் பண்ணைக்காரர்களே தபால் வாக்கில் தேர்ந்தெடுப்பது, மூன்று முதல் பதினோரு பேர். கேட்க ஜனநாயகமாக இருக்கும். எங்கள் மிசிசிப்பி டெல்டா கவுண்டிகளில் பல பத்தாண்டுகள் அந்த மேசையில் யார் உட்கார்ந்திருந்தார்கள், எந்த விண்ணப்பம் அடியில் போயிற்று என்பதெல்லாம், பாகுபாடு காட்டியதாக வேளாண் துறை மேல் கறுப்பின விவசாயிகள் போட்ட பிக்ஃபர்ட் வழக்கில் வெளியே வந்தது. 1999இல் உடன்பாடு, சுமார் 100 கோடி டாலர். விடுபட்டவர்களுக்காக 2010இல் இன்னொரு 125 கோடி. விதைக்க வேண்டிய மார்ச்சில் வர வேண்டிய கடன் ஆகஸ்டில் வந்தால் அதை வைத்து என்ன செய்ய? 1920இல் ஒன்பது லட்சத்துக்கும் மேல் இருந்த கறுப்பின விவசாயிகள் இன்று ஐம்பதாயிரம்கூட இல்லை.

அதனால் டாக்டர், பட்டியலில் இருக்கிற பெயர்களைப் பார்த்த மாதிரி, இல்லாத பெயர்களையும் ஒரு தடவை யோசியுங்கள்.

#14 ஓரக்கண்

இதை நான் மறுக்கவில்லை மல்லி. என் வாதத்துக்கு நீங்கள் வலு சேர்க்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இறந்தவர்களுக்குக் கொடுத்த கதையையும் யாராவது சொல்ல வேண்டுமே. நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2007இல் சொன்னது: 1999 முதல் 2005 வரை ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இறந்தவர்கள் பெயரில் 110 கோடி டாலர்.

#15 வரிக்கணக்கு

அது உண்மை. ஆனால் எல்லாமே திருட்டு இல்லை. ஆள் இறந்தபின் சொத்து பிரித்து முடியும்வரை அவர் பெயரிலேயே கணக்கு ஓடலாம், விதியே அனுமதிக்கிறது. இரண்டு வருடம் தாண்டினால் ஏன் இன்னும் முடிக்கவில்லை என்று அலுவலகம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்பதுதான் அறிக்கையின் குற்றச்சாட்டு. அதன்பிறகு சமூகப் பாதுகாப்புத் துறையின் இறப்புப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

எனக்கு அதைவிட உறுத்துவது கூட்டாண்மைகள். ஆளுக்கு உச்சவரம்பு முன்பு 1,25,000, இப்போது 1,55,000 டாலர். ஆள் என்றால் யார்? பொதுக் கூட்டாண்மையாக எழுதிக்கொண்டால் உள்ளே உள்ள ஒவ்வொருவருக்கும் தனி வரம்பு. மனைவிக்கு ஒன்று. 2018 சட்டத்தில் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள், அண்ணன் தம்பி பிள்ளைகள் வரை குடும்பம் என்று விரித்துவிட்டார்கள். நிர்வாகத்தில் பங்கெடுக்கிறேன் என்றால் போதும், சேற்றில் கால் வைக்க வேண்டாம்.

#16 மிசிசிப்பி மல்லி

அதற்கு எங்கள் மாநிலத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள் அக்கா. 1980களில் கம்பெனிக்குள் கம்பெனி, அதற்குள் இன்னொன்று என்று படம் போட்டால் கிளை கிளையாகப் பிரிந்து நிற்கும். 'மிசிசிப்பி கிறிஸ்துமஸ் மரம்' என்பார்கள். 1987இல் அதை வெட்ட ஒரு சட்டம் போட்டார்கள். மரம் வேறு உருவத்தில் துளிர்த்தது.

#17 நெறியாளர்

இந்தியாவின் உழவர் உதவித்தொகையோடு ஒப்பிட்டு வந்த நான்கு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே அமெரிக்கக் கவுண்டிகள் மட்டும்.

#18 மேற்குக்காற்று

கவுண்டி என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் செவிலியர் ஒருவரின் கணவர் இரண்டு கவுண்டியிலும் நிலம் வைத்திருக்கிறார். நடுவில் ஒரு மண்சாலை. இந்தப் பக்கம் ஒரு தொகை, அந்தப் பக்கம் வேறு தொகை வந்த கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். அதே மண், அதே மேகம், அதே டிராக்டர். எப்படி?

#19 வரிக்கணக்கு

2019ஆக இருக்கும். சீனாவோடு வரிச் சண்டை வந்தபோது கொடுத்த பணம். 2018இல் பயிர் வாரியாகப் புஷல் கணக்கில் கொடுத்தார்கள்: சோயாவுக்கு 1.65 டாலர், சோளத்துக்கு 86 சென்ட், கோதுமைக்கு 14 சென்ட், மக்காச்சோளத்துக்கு ஒரு சென்ட். ஆமாம், ஒரு சென்ட். 10,000 புஷல் மக்காச்சோளம் அறுத்தவருக்கு 100 டாலர். ஒருவர் அந்தத் தாளை என் மேசையில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "இதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாமா?" என்றார்.

அடுத்த வருடம் பயிருக்குப் பயிர் இந்த வித்தியாசம் வேண்டாம் என்று கவுண்டிக்கு ஒரே விகிதம் வைத்தார்கள். ஏக்கருக்கு 15 டாலரிலிருந்து 150 வரை. உன் கவுண்டியில் காலங்காலமாக எந்தப் பயிர் அதிகம் என்பதை வைத்துக் கணக்கு. பருத்தி, சோயா அதிகமான கவுண்டிக்கு அதிகம், கோதுமைக் கவுண்டிக்குக் குறைவு. நீ அங்கே என்ன போட்டாய் என்பது கணக்கில் இல்லை. மண்சாலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் இன்னொன்று என்றது அதனால்தான். 2025 டிசம்பரில் அறிவித்த 1,200 கோடி டாலர் உதவியில் மறுபடி பயிர் வாரிக்கே போய்விட்டார்கள்.

மாட்டுக்காரர்களுக்கு வேறு மாதிரிக் கோடு. மேய்ச்சல் வறட்சி உதவி வறட்சி வரைபடத்தைப் பார்த்துத்தான். அது வியாழக்கிழமை தோறும் வெளிவரும். கவுண்டியின் ஏதாவது ஒரு மூலையில் கடும் வறட்சி நிறம் குறிப்பிட்ட வாரங்கள் தொடர்ந்து இருந்தால் கவுண்டி முழுவதற்கும் தகுதி. இங்கே வியாழக்கிழமை காலையில் காபிக் கடைக்குப் போய்ப் பார், வானிலையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைப்பாய். அவர்கள் பேசுவது நிறத்தைப் பற்றி.

#20 ஆட்டுக்கல்

நிறம் மாறக்கூடாது என்று வேண்டிக்கொண்டு மழையையும் வேண்டுவார்களா?

#21 வரிக்கணக்கு

மழையைத்தான் வேண்டுவார்கள் ஆட்டுக்கல். காய்ந்த மேய்ச்சலுக்கு வருகிற பணத்தில் வைக்கோல் வாங்கினாலே முடிந்துபோகும்.

#22 மேற்குக்காற்று

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். இரண்டு விஷயம்.

ஒன்று. எங்கள் ஊரில் சி.ஆர்.பி. நிலம் நிறைய. 1985 சட்டத்தில் வந்த திட்டம்: அரிக்கிற நிலத்தில் பத்துப் பதினைந்து வருடம் பயிர் செய்யாமல் புல் வளர்க்க வேண்டும், அரசு வருடாவருடம் வாடகை தரும். மண்புயல் வந்துபோன நாடு என்பதால் எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஆனால் இங்கே விதைக்கடை வைத்திருந்தவர் அதைச் சபிக்கிறார். நிலம் தூங்கினால் விதை யார் வாங்குவார், டீசல் யார் வாங்குவார், எலிவேட்டருக்குத் தானியம் எங்கிருந்து வரும் என்கிறார். (எலிவேட்டர் என்றால் இங்கே லிப்ட் இல்லை, ஊருக்கு ஒன்றாக நிற்கிற தானியக் குதிர். வந்த புதிதில் நான் குழம்பினேன்.) கவுண்டியின் பயிர்நிலத்தில் கால் பங்குக்கு மேல் பொதுவாகச் சேர்க்கக் கூடாது என்று வரம்பு வைத்ததே இந்தப் பயத்தால்தானாம். ஓய்வுபெற்ற நிலக்காரருக்குச் செக் தொடர்ந்து வரும், அவர் அரிசோனாவுக்குப் போய்விடுவார். கடைக்காரர் எங்கே போவார்?

இரண்டு. எங்கள் மருத்துவமனை கவுண்டியுடையது. வருமானத்தில் ஒரு பகுதி சொத்து வரி. கவுண்டியின் சொத்தில் பெரும் பங்கு விளைநிலம். ஆக, நான் முதல் பதிவில் யார் பணம் என்று கேட்டேனே, அதில் கொஞ்சம் என் சம்பளச் சீட்டிலும் இருக்கிறது. இது எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும்.

#23 வரிக்கணக்கு

சின்னத் திருத்தம் தம்பி. கான்சாஸில் விளைநிலத்துக்குச் சந்தை விலையில் வரி இல்லை. அந்த நிலம் தரக்கூடிய வருமானத்தின் எட்டு வருடச் சராசரியை வைத்து மதிப்பு போடுவார்கள். அதனால் நில விலை இரட்டிப்பானாலும் உன் மருத்துவமனைக்கு உடனே ஒன்றும் வராது. ஆனால் உழுகிறவர்கள் போய்விட்டால் உன்னிடம் பிரசவத்துக்கு வர ஆள் இருக்காது. நீ சொன்னது அந்த அளவில் சரி.

#24 ஓரக்கண்

டாக்டர், பெரியவர் கதை என்ன ஆயிற்று? அதற்குத்தான் இந்த இழையைத் திறந்து திறந்து பார்க்கிறேன்.

#25 மேற்குக்காற்று

அவரே பேச்சை எடுத்தார். போன செவ்வாய் வந்தபோது, ரத்த அழுத்தப் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, "அந்த இணையப் பட்டியலை நீயும் பார்த்திருப்பாயே, இந்த ஊரில் எல்லாரும் பார்ப்பார்கள்" என்றார். நான் மழுப்பினேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

அவரும் இரண்டு சகோதரர்களும் சேர்ந்து செய்த பண்ணையாம். சகோதரர்கள் இருவரும் இப்போது இல்லை. அலுவலக வேலை பார்த்தவர் இவர், அதனால் பல வருடம் செக் இவர் பெயரிலேயே வந்தது. சொந்த நிலம் மூன்றில் ஒரு பங்கு. மீதி தம்பி பிள்ளைகளுடையதும் ஒரு விதவைப் பெண்மணியுடையதும், குத்தகை. இந்த வருடம் குத்தகை ஏறியிருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தார். "அவள் நல்லவள். கடிதம் எழுதித்தான் ஏற்றினாள்."

அவரிடம் பணமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். சொந்த நிலத்தை விற்றால் நான் முதலில் கேட்ட கோடீஸ்வரர்தான். விற்க மாட்டார், அதனால் மாத்திரையைப் பாதியாக உடைக்கிறார். ரத்த அழுத்தம் 158க்கு 94. மாத்திரையை மலிவான வேறொன்றுக்கு மாற்றிக் கொடுத்தேன்.

#26 ஓரக்கண்

சரி. நிலத்தை விற்காத கோடீஸ்வரருக்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அவர் மேல் கோபம் இல்லை. கடிதம் எழுதிய அம்மா மேல் கொஞ்சம் இருக்கிறது.

#27 ஆட்டுக்கல்

டாக்டர், அங்கே 160 ஏக்கர் ஏதாவது விற்பனைக்கு வந்தால் சொல்லுங்கள். பேஸ் ஏக்கர் உள்ளதாக.

#28 வரிக்கணக்கு

வாங்குவதற்கு முன் எஃப்.எஸ்.ஏ.-156 இ.இசட். என்ற தாளை விற்பவரிடம் கேள். அந்த நிலத்தில் எந்தப் பயிருக்கு எத்தனை பேஸ், ஏட்டு விளைச்சல் எவ்வளவு என்று அதில் இருக்கும். உன்னிடம் கிரீன் கார்டு இல்லையென்றால் வாங்கிய 90 நாளுக்குள் வெளிநாட்டவர் நிலம் வாங்கினார் என்று வேளாண் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். அப்புறம், குத்தகைக்கு விட்டால் செக் உழுகிறவருக்குத்தான் வரும், உனக்கு வராது.

#29 ஆட்டுக்கல்

குத்தகையை எப்போது ஏற்றலாம் அக்கா?

#30 வரிக்கணக்கு

மார்ச்சில். கடிதம் எழுதி.